மைனஸ் ஐம்பத்தாறாம் எழுத்து

1993 செப்டம்பர் 6, திங்கள்

புதிய மெஷின் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். நான் கூடவே நடந்து "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டு வந்தேன். அவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள்.

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இன்றைக்கு ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த சென்னியப்பன் என்பவர் இவ்வளவு பெரிய காரியத்தை எப்படிச் சாதித்தார் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆதாரம் வேண்டுமல்லவா? யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதி வைப்போம்.

காரியம் இதுதான். எங்களிடம் ஓர் எடிட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதவும் திருத்தவும் ஆன புரோகிராம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அதன் மூல நிரலை அப்படியே டேப்பில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தது. அதில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து, 'எழுதி' என்று பேர் வைத்தவன் நான். இந்தத் தகவலைத் தினம் ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. 'எழுதி' இதுவரை பழைய மெஷினில் ஓடியது. புதிய மெஷினின் மூளை வேறு ரகம். இதற்குத் தகுந்தபடி நிரலை மாற்றி அமைத்துவிட்டுப் பழையதை அனுப்பிவிட வேண்டும்.

துறைத்தலைவர் தேவசகாயம் சார் கேட்டார்: "எத்தனை நாள் ஆகும் சென்னியப்பன்?"

"ரெண்டே நாளுங்க சார்."

அவர் தன் காலண்டரில் இரண்டு வாரத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டார். என்னோடு நிறைய வருஷம் வேலை பார்த்தவர்.

செப்டம்பர் 7

வீட்டில் பேச்சு. வசுமதி அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஆறு வருஷமாகப் பகுதிநேரத்தில் பி.எச்டி. செய்கிறாள். ஆய்வேடு மொத்தமும் 'எழுதி'யில்தான் இருக்கிறது. பேனாவில் எழுதிக்கொண்டிருந்தவளை, "இந்தக் காலத்துல போயி யாராச்சும் பேனாவுல எழுதுவாங்களா?" என்று சென்டருக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தது நான்தான். சனி ஞாயிறுகளில் வந்து அடித்து அடித்துச் சேர்த்தது. செப்டம்பர் முப்பதுக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கெடு நீட்டிப்பு கேட்டுக் கேட்டு, இனிமேல் கேட்கவே முடியாது என்ற இடத்துக்கு வந்தாயிற்று. தவறினால் பதிவு ரத்து. ஆறு வருஷம் போச்சு.

"ஏனுங்க, பழைய மெஷினைத் தூக்கறதுக்கு முன்னாடி என்ற ஆய்வேட்டைப் பிரிண்ட் எடுத்துப்போடலாமுங்களா? என்கிட்ட இருக்கறது போன வருசத்துப் பிரதி. அதுக்கப்பறம் ரெண்டு இயல் பூராத்தையும் மாத்தியிருக்கறேன்."

"எதுக்கு அவசரம்? புதுசுல லேசர் பிரிண்டர் இருக்குது. கண்ணாடியாட்டம் வரும். ரெண்டு நாள் பொறு, தானா ஆயிரும்."

வசு எதையோ துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். மளிகைச் சாமானாக இருக்கும்.

ஆய்வு எதைப் பற்றி என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால்: பேச்சுவழக்கைப் பற்றி என்னவோ. நான் விவரம் கேட்டதில்லை. கேட்டால் விளக்குவாள்.

செப்டம்பர் 9

இன்று உண்மையான வேலை. மூல நிரலில் ஒவ்வொரு வகை மெஷினுக்கும் ஒரு ஃபைல் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பது மாதிரி வரிசையாகக் கேள்விகள். உங்கள் மெஷினில் ஓர் எண்ணுக்கு எத்தனை பிட்? எண்ணின் பெரிய பக்கத்தை முதலில் வைக்குமா, சின்ன பக்கத்தையா? அடுக்கு மேல்நோக்கி வளருமா, கீழ்நோக்கியா? ஓர் எழுத்தின் மதிப்பு மைனஸில் போகுமா? இந்தப் பதில்களை வைத்துத்தான் நிரல் தன்னை மெஷினுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். எழுதிய புண்ணியவான்கள் தலைப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள்: நிச்சயமில்லையென்றால் ஊகிக்க வேண்டாம், இத்துடன் உள்ள சோதனைப் புரோகிராமை ஓட்டிப் பார்க்கவும்.

ஊகிக்க வேண்டாம் என்பதெல்லாம் அனுபவமில்லாதவர்களுக்கு. பழைய மெஷினின் ஃபைலை நகல் எடுத்து, எனக்குத் தெரிந்த மூன்று பதில்களை மாற்றினேன். கடைசிக் கேள்வியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எழுத்து எங்கேயாவது மைனஸில் போகுமா? காய்ச்சல் வந்தவன் கேட்கிற கேள்வி. பழைய ஃபைலில் இருந்த 'போகாது' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 10

கம்பைல் ஆகவில்லை, அதாவது நிரலைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ள மெஷின் மறுக்கிறது. திரை கொள்ளாமல் எரர்.

செப்டம்பர் 11

இன்றும் ஆகவில்லை. புதிய மெஷினின் கையேட்டை எழுதியவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

செப்டம்பர் 13

கையேடு சரியாகத்தான் இருக்கிறது. நான் ஒரு வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தேன். இதைத் தேவசகாயம் சாரிடம் "ஹார்டுவேர் பிரச்சினை, சரி பண்ணிட்டனுங்க" என்று சொன்னேன்.

செப்டம்பர் 15

ஓடியது! முதல் தடவை திரையில் 'எழுதி' வந்து நின்றபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. ஆங்கிலத்தில் 'இது ஒரு சோதனை' என்று அடித்தேன். வந்தது. ஒரு பக்கம் அடித்தேன். தேடச் சொன்னேன், தேடியது. மாற்றச் சொன்னேன், மாற்றியது. சேமித்துத் திறந்தேன், அட்சரம் பிசகாமல் இருந்தது. தேவசகாயம் சார் தோளில் தட்டினார். கேன்டீனில் எல்லோருக்கும் போண்டா.

பழைய மெஷினிலிருந்த எல்லா ஃபைல்களையும் புதியதற்கு மாற்றினேன். ஒரு பைட் குறையவில்லை. பழையதை எடுத்துப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனா கூட நன்றாக எழுதியது.

செப்டம்பர் 16

உக்கடத்துப் பழைய இரும்புக்காரர் டெம்போவோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்.

"முப்பதாந் தேதி முடிஞ்சு தூக்கியிருக்கலாமல்லங்க?" என்றாள் வசு.

"எடத்தை அடைச்சுட்டுக் கெடந்துச்சு. உன்றது பத்திரமா புதுசுல இருக்குது."

அவளுக்குக் காலாண்டுப் பரீட்சைத் தாள் மலைபோலக் குவிந்திருக்கிறது. பிரிண்ட் எடுக்கிற பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 18, சனி

வசுவின் ஆய்வேட்டைத் திறந்தேன். எடிட்டர் செத்துப்போனது. திரை வெறும் கறுப்பு.

மறுபடி திறந்தேன். மறுபடி செத்தது. இரண்டாவது இயல், மூன்றாவது இயல், எதைத் திறந்தாலும் அதேதான். துணைநூல் பட்டியலில் ஆங்கிலப் புத்தகங்கள் உள்ள ஃபைல் மட்டும் சமர்த்தாகத் திறந்தது. டிஸ்க் கெட்டிருக்கும் என்று டிஸ்க்கைச் சோதித்தேன். அது நன்றாக இருக்கிறது, சனியன்.

சாயந்திரம் வசு கேட்டாள்: "பாத்தீங்களா? எப்பிடி வந்திருக்குது?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா வந்திருக்குது."

"எந்த இயல் வரைக்கும் பாத்தீங்க?"

"மேலோட்டமா பூராவும்."

மறுபடியும் துண்டுக் காகிதம். இந்த மாதம் மளிகை அதிகம்தான்.

செப்டம்பர் 20

வசுவிடம் சொன்னது: ஏசி ரிப்பேர், மெஷினை ஓட்ட முடியாது.
ஏசி நிலவரம்: பல் கிட்டும் குளிர்.

செப்டம்பர் 21

வசுவிடம் சொன்னது: லேசர் பிரிண்டருக்கு மை வர வேண்டும்.

செப்டம்பர் 22

மதியம் யாருக்கும் சொல்லாமல் உக்கடம் போனேன். பழைய மெஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து ஓட்டிவிடலாம் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. கடைக்காரர் மரியாதையாக உள்ளே கூட்டிப்போனார். பாதி மெஷின் இருந்தது.

"மீதிங்க?"

"அதை நேத்தே பிரிச்சுட்டமுங்க. நல்ல தாமிரமுங்க சார், சும்மா சொல்லக்கூடாது."

அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இந்த வாரத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

செப்டம்பர் 24

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே வசு சொன்னாள்: "காந்திபுரத்துல டிடிபி சென்டர்ல கேட்டுட்டு வந்தனுங்க. அஞ்சாறு பேரை வெச்சு ராப்பகலா அடிச்சாங்கன்னா போன வருசத்துப் பிரதியாச்சும் முடியுமாம். திருத்தமெல்லாம் இருக்காது. ஆனா கெடுவுக்குள்ள குடுத்தர்லாம்."

எனக்கு வந்ததே கோபம். சென்னியப்பன் பெண்சாதி டிடிபி சென்டருக்குப் போவதா? ஊர் என்ன சொல்லும்? "என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று சத்தம் போட்டேன். சத்தம் போடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று இந்த டைரி கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "அந்த ரெண்டு இயலும் இல்லாம குடுத்தா எக்ஸாமினர் தூக்கி எறிஞ்சுருவாருங்க. அதுவும் தெரியுந்தான். என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

"நாளைக்கு மொத வேலை அதுதான்" என்றேன்.

செப்டம்பர் 25, சனி

நான் சென்டரில் உட்கார்ந்து மெஷினை முறைத்துக்கொண்டிருந்தபோது வசு வந்து நின்றாள். தாள் திருத்துவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"தள்ளுங்க கொஞ்சம்."

டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, ஆய்வேட்டைத் திறந்தாள். திரை கறுப்பு. மறுபடி திறந்தாள். கறுப்பு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏசியைப் பார்த்தேன். ஏசி பற்றி ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"எனக்குத் தெரியல, வசு" என்றேன். "ஒரு வாரமா இப்பிடித்தான். ஏன்னே தெரியல. உக்கடம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். அங்க பழசைப் பிரிச்சுப்போட்டாங்க. உன்ற ஆறு வருசத்தையும் நாந்தான் கெடுத்துட்டேன்."

சொல்லும்போது அழுதுவிட்டேன். டெர்மினல் ரூமில் இரண்டு எம்.எஸ்ஸி. மாணவிகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான்.

வசுவும் அழுதாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "புது மெஷின்ல ஓடுதுன்னு குதிச்சீங்களே, அன்னைக்கு என்ன அடிச்சுப் பாத்தீங்க?"

"ஒரு பக்கம் பூரா அடிச்சுப் பாத்தேன். இங்கிலீஷ்ல."

"தமிழ்ல?"

நான் கீபோர்டிலிருந்த தூசியைத் தட்டினேன்.

"ஒரு எழுத்துக் கூடயா அடிக்கல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தமிழ் எடிட்டருங்க இது."

மாணவிகள் இரண்டு பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

டெஸ்ட் என்றால் ஆங்கிலத்தில் அடிப்பது. நான் படித்த இடத்தில் அப்படி, வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அப்படி. தமிழ் சேர்த்ததைத் தினம் ஒருவரிடம் பீற்றிக்கொள்கிற ஆளுக்கு, அந்தத் தமிழில் ஒரு 'க' அடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வசு 'க' அடித்தாள். எடிட்டர் செத்தது.

அப்புறம்தான் அந்தச் சோதனைப் புரோகிராமை ஓட்டினேன், ஊகிப்பதற்கு முன்னால் ஓட்டச் சொன்னார்களே, அதை. ஒரு நிமிஷ வேலை. விஷயம் இதுதான். மெஷினுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். ஆங்கிலமெல்லாம் நூற்று இருபத்தெட்டுக்குக் கீழே அடங்கிவிடும். மேலே காலியாகக் கிடந்த இடத்தில்தான் நான் தமிழைக் குடியேற்றியிருந்தேன். 'க'வுக்கு இருநூறு. பழைய மெஷின் இருநூறை இருநூறு என்றே படிக்கும். புதியது அந்த உயரத்துக்கு மேல் போனால் மைனஸ் என்று எடுத்துக்கொள்கிற ஜாதி. அதன் கணக்கில் என் 'க' மைனஸ் ஐம்பத்தாறு. எழுத்து வரிசையில் மைனஸ் ஐம்பத்தாறாவது இடத்தைத் தேடிக்கொண்டு போய், அப்படி ஓர் இடமே இல்லாமல், பாவம், செத்துப்போயிருக்கிறது. மைனஸில் போகுமா என்று கேட்டார்கள். நான்தான் சிரித்தேன்.

'போகாது' என்பதை 'போகும்' என்று மாற்றினேன். மொத்த வேலையும் அவ்வளவுதான். கம்பைல் ஆகி முடிகிறவரை இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளையே திறக்கச் சொன்னேன். தலைப்புப் பக்கம் வந்தது. அவள் பேர் வந்தது. என் கையைப் பிடித்து வலிக்கிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தினாள்.

செப்டம்பர் 26, ஞாயிறு

எழுத்து எங்காவது மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். வசுவுக்குத் தாள் திருத்தும் வேலை பாக்கி. நானே உட்கார்ந்தேன். ஆக, என் மனைவியின் ஆய்வேட்டை இன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

தலைப்பு: கொங்கு வட்டாரப் பேச்சில் தட்டிக்கழிப்புத் தொடர்கள். அதாவது ஒரு வேலையைச் செய்யாமலும், செய்ய மாட்டேன் என்று சொல்லாமலும் தப்பிக்க மனிதர்கள் என்னென்ன பேசுகிறார்கள் என்று. நல்ல தலைப்புதான் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் இப்படிப்பட்ட ஆட்கள் நிறைய.

நாலாவது இயல். யார் யார் பேச்சைக் குறித்துக்கொண்டாளோ அவர்களில் மூன்றாவது ஆளைப் பற்றியது. தகவலாளி மூன்று: ஆண், நடுத்தர வயது, பட்டதாரி, கணிப்பொறித் துறை.

'பாதி முடிஞ்ச மாதிரிதான்' (தொடங்காத வேலை குறித்து). 'அதெல்லாம் ஒரு வேலையா?' (மூன்று மாதமாக ஒழுகும் குழாய் குறித்து). 'எனக்கு எதுவா இருந்தாலும் சரி' (முடிவெடுக்கும் பொறுப்பைக் கேட்டவர் தலையிலேயே கட்டுவது). 'நல்லாத்தான இருக்குது' (புதுச் சேலை குறித்து, செய்தித்தாளிலிருந்து கண் எடுக்காமல்). பக்கம் பக்கமாகப் போகிறது. வகை பிரித்து, அட்டவணை போட்டு, அம்புக்குறி எல்லாம் வரைந்திருக்கிறாள்.

முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குள்ளேயே ஒற்றனா? பிறகு அந்தக் குழாய் இன்னும் ஒழுகுகிறது என்பது ஞாபகம் வந்தது. இயலின் கடைசியில் ஒரு வரி: 'பிற தகவலாளிகள் எவரிடமும் இத்துணை வளமும் நுட்பமும் காணப்படவில்லை.' அதை இரண்டு தடவை படித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எடிட்டர் என் கையில் இருக்கிறது. கணிப்பொறித் துறை என்பதை வேளாண்மைத் துறை என்று மாற்ற ஒரு கட்டளை போதும். கட்டளையை அடித்தும் விட்டேன். அப்புறம் அழித்துவிட்டேன். ஆறு வருஷம் ஒருத்தி என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். நான் அவள் தலைப்பைக் கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள்: "எல்லாப் பக்கமும் பாத்தீங்களா?"

"எல்லாப் பக்கமும்."

"நாலாவது இயலுங்க?"

"எழுத்துப்பிழை ஒண்ணுமில்ல" என்றேன்.



செப்டம்பர் 30

கொடுத்தாயிற்று.

அக்டோபர் 3

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது, ஆனால் கம்மி.

1994 ஜூலை 16, சனி

இந்த டைரியை மறந்தே போயிருந்தேன். இன்று எழுதியே ஆக வேண்டும்.

வசுவுக்கு வாய்மொழித் தேர்வு. பல்கலைக்கழகத்தில் அதை எல்லோர் முன்னிலையிலும்தான் நடத்துவார்கள். யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். கூட்டத்துக்கு டீயும் மிக்சரும் ஏற்பாடு செய்வது வீட்டுக்காரன் கடமை. செய்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் திருநெல்வேலிப் பேராசிரியர் கோமதிநாயகம். ஆய்வேட்டில் காகிதம் காகிதமாக அடையாளம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

மற்றதெல்லாம் சுமுகமாகப் போனது. நாலாவது இயலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இந்தத் தகவலாளி மூணு. ஒத்தை ஆளுகிட்ட இத்தனை வகையாம்மா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்ல. நீங்களே உக்காந்து எழுதினதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஒலிப்பதிவு இருக்கா?"

"இல்லைங்க ஐயா. கேட்ட ஒடனே எழுதிக்கிட்டது."

"ஆளு யாரு?"

வசு என் பக்கம் பார்க்கவே இல்லை. "தகவலாளி பேரைச் சொல்றது மொறையில்லைங்க ஐயா."

"அது சரி. ஆனா ஆளே இல்லாம இருந்தா? இந்த இயல் நிக்கலைன்னா ஆய்வே நிக்காதேம்மா. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

வசு புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லமாட்டாள். டாக்டர் பட்டமே போனாலும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. தேவசகாயம் சார் உட்பட எங்கள் காலேஜே உட்கார்ந்திருக்கிறது.

எழுந்துவிட்டேன். கையில் மிக்சர் தட்டு.

"நாந்தானுங்க ஐயா, அந்த மூணாம் நம்பரு."

எல்லாத் தலையும் திரும்பியது. பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க?"

"அவங்க வீட்டுக்காரருங்க."

"ஏன்யா, இவ்வளவு நேரமா அந்தப் பிள்ளை தவிச்சுக்கிட்டு நிக்குது. மொதல்லயே எந்திரிச்சுச் சொல்லக்கூடாதா?"

யோசித்துப் பேசியிருக்கலாம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எந்திரிச்ச மாதிரிதானுங்க ஐயா. அதுக்குள்ள டீ வந்துருச்சுங்க."

முதலில் சிரித்தது தேவசகாயம் சார்தான். அப்புறம் அரங்கமே சிரித்தது. பேராசிரியர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பிறகு வசுவைப் பார்த்துக் கேட்டார்:

"டாக்டரம்மா, இப்ப சொன்னாரே, இது உங்க அட்டவணையில இருக்கா?"

வசுவால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையையும்தான். "இல்லைங்க ஐயா" என்றாள். "இது புதுசுங்க."